நான்கு ஐம்பத்திரண்டு

பதினோரு வருடமாக ஒரு புத்தகம் எழுதுகிறேன்,
ஹூசும் துறைமுகத்துக்குப் பின்தெருவில், மாடியில்,
முடிவெடுத்தல் பற்றி.
இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் நிற்கிறது.
அடுத்ததை எப்படித் தொடங்குவது என்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கடலணை.
அணைமேல் ஆடுகள்.
அவை மேய்வதைப் பார்த்து ஓர் அடிக்குறிப்பு எழுதினேன்,
மறுநாள் அடித்தேன்.
ஆடுகள் அதே இடத்தில் மேய்ந்தன.

கீழ்வீட்டில் கெஷே இறால் விற்கிறாள்.
தலையில் ஒரு திருகு, வாலில் ஒரு இழுப்பு,
நகக்கண் அளவு சதை கிண்ணத்தில் விழும்.
வாய் வேறெதையோ பேசிக்கொண்டிருக்கும்:
கணவன் விட்டுப்போன படகு, வரி நோட்டீஸ், என் இருமல்.
எப்படிச் செய்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.
விரல்கள் நின்றன.
அடுத்த மூன்று இறாலும் கிழிந்தன.
"இங்கே வந்து கேள்வி கேட்காதே, ஓன்னோ.
எனக்கு நஷ்டம்."

மார்ச்சில் அவளே ஒன்று கேட்டாள்:
"கடல் வற்றும்போது சேற்றில் நடக்க வருகிறாயா,
என்னோடு?"
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
ஏப்ரல் முழுக்க யோசித்தேன்.
'என்னோடு' என்ற ஒரு சொல்லுக்கே
எட்டுப் பக்கம் ஆனது.
மே, ஜூன், அவள் மறுபடி கேட்கவில்லை.
இறால் மட்டும் எப்போதும்போல் எடைக்கு மேல் போட்டாள்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய், மணி இரண்டு.
பேனா மூடியைத் தேடி மேஜைக்கடியில் குனிந்தவன்
குனிந்தபடியே காலுறைகளைக் கழற்றினேன்.
ஏன் என்று தெரியாது.
தேடித் தேடியும் அதற்கொரு காரணம் அகப்படவில்லை.
மூடியும்.

படியிறங்கிக் கதவைத் தட்டினேன்.
கெஷே என் வெறுங்காலைப் பார்த்தாள்.
கிண்ணத்தின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தாள்.
அவ்வளவுதான்.

சேறு கணுக்கால்வரை விழுங்கி
ஒரு முத்தச் சத்தத்தோடு திருப்பித் தந்தது.
எங்கும் புழுக்கள் பிழிந்துவைத்த மணல் முறுக்குகள்,
குட்டை குட்டையாய்க் கிடந்த வானம்.
அந்த இரண்டு மணி நேரமும் நான் எதையுமே நினைக்கவில்லை
என்று எழுத ஆசை.
பொய். நினைத்தேன்,
விரலிடுக்கில் பிதுங்கும் இதற்கு என்ன பெயர் என்று.
அவளிடம் கேட்கவில்லை. அது மட்டும்தான் முன்னேற்றம்.

பிறகு பனி.
அணை போனது. ஆடுகள் போயின.
அவள் முழங்கைக்கு அப்பால் உலகம் இல்லை.
நாற்பது வருடம் இந்தச் சேற்றில் நடந்தவள்
ஒரு சுற்றுச் சுற்றினாள், நின்றாள்.
"கரை எந்தப் பக்கம்?"
அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை.

என் வாய் தானாகச் சொன்னது:
"நான்கு ஐம்பத்திரண்டு."
தினமும் ரொட்டி வாங்கப் போகையில்
துறைமுகப் பலகையில் படிப்பது,
ஓதம் திரும்பும் நேரம்.
சில்லறையைப்போல் சட்டைப்பையில் கிடந்த எண்.
கடிகாரத்தில் நான்கு நாற்பது.
இன்னும் பன்னிரண்டு நிமிடம்
நீர் கடலை நோக்கித்தான் ஓடும், பொய் சொல்லாது.

நான் சொல்லி முடிக்கவில்லை.
அவள் குனிந்து வாய்க்காலில் கையை விட்டாள்,
நீர் போகும் திசைக்கு முதுகைக் காட்டினாள்,
என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்:
"ஓடு!"

எட்டுப் பக்கத்தில் நான் பார்க்காதது.
அந்தச் சொல்லின் பின்பாதியில்
அது இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது.

கடைசி வாய்க்கால் தொடைவரை வந்தது, பனிக்கட்டிபோல்.
அணையின் புல்லில் விழுந்தோம்.
ஓர் ஆடு எங்களைப் பார்த்தபடி மென்றது.
கெஷே சிரித்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி சிரித்தாள்.
பிறகு என் முகத்தைக் கவனித்து,
"இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாய், இல்லையா?"

"ஆமாம்" என்றேன்,
யோசிக்காமல்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
பாவாடை ஓரத்தைப் பிழிந்தபடி சொன்னாள்:
"என்னையும் போடு. பரவாயில்லை.
நான் பயந்ததை மட்டும் போடாதே."

போட்டுவிட்டேன்.
மேலே, பனியில்.